முட்டுக்கட்டை: கேளிக்கையின் காலம் குறித்துச் சில குறிப்புகள்

1

'முட்டுக்கட்டை' என்பது நம் புழக்கத்தில் ஒரு வசைச்சொல். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, திட்டத்துக்கு முட்டுக்கட்டை என்று மேடையிலும் பத்திரிகையிலும் அன்றாடம் கேட்கிறோம். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். ஒன்பதாம் திருநாளன்று மூன்று தேர்கள் ஓடும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் நிற்பார்கள். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்து, கட்டையைச் சக்கரத்தடியில் கொடுத்துத் தேரைத் திருப்புகிறவர்கள், நிறுத்துகிறவர்கள் சிலர்தான். சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிவைத்துத் தேர் காட்டிய தாய்மாமா சொன்னார்: "இழுக்கவனத்தான் எல்லாவனும் பாக்கான். நீ கட்டை போடுதவனப் பாரு மக்கா. அவன் கை பெசகிச்சுன்னா பொறவு அது தேரு இல்ல, எமன்."

இந்த நினைவு திரும்ப வந்ததற்குக் காரணம் என் தங்கை மகள். சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் பகுதியில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவுக்குச் சிநேகிதிகளோடு போய்வந்தவள், "ஏன் மாமா, ஒரு ரோலர் கோஸ்டர் கட்ட எதுக்கு இவ்வளவு வருசம்? நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே வரப்போவுதுன்னு சொன்னாங்களே" என்று கேட்டாள். விளையாட்டான கேள்விதான். ஆனால் பதில் சொல்லத் தொடங்கியபோது, அது கேளிக்கையைப் பற்றிய கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. காலம் யாருடையது, யாருடைய தாமதம் தாமதமாகக் கணக்கில் வருகிறது, யாருடைய காத்திருப்பு இயற்கையானதாக ஆக்கப்படுகிறது என்ற இடத்துக்கு அது நகர்ந்தது. அந்த நகர்வையே இங்கு எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் தொழில்நுட்பம். இதை ஒதுக்கிவிட்டு நேரே 'அதிகாரம்' என்று பேசத் தொடங்குவது நம் சிறுபத்திரிகைப் பழக்கம். அதனால்தான் இரும்பும் சிமெண்டும் தெரிந்தவன் நம்மை மதிப்பதில்லை.

ரோலர் கோஸ்டர் பார்வைக்கு வளைந்த தண்டவாளம். செயலில் அது மனித உடலைப் பற்றிய ஒரு கணக்கு. வண்டி கீழே பாய்ந்து மேலே திரும்பும்போது உடலின் எடை சில மடங்காகிறது. உச்சியில் அது இல்லாமலே போகிறது. எத்தனை மடங்கு, எத்தனை நொடி, எந்தத் திசையில் என்பதைப் பொறுத்து தலையிலிருந்து ரத்தம் இறங்கும், கழுத்து ஒடியும், அல்லது வெறுமனே சிரிப்பு வரும். எனவே பாதையை வரைகிறவர்கள் தண்டவாளத்தின் கோட்டை மட்டும் வரைவதில்லை. உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு செல்லும் கோட்டையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்குக்கே மாதங்கள் போகும்.

அடுத்தது உருக்கு. பெரிய ரோலர் கோஸ்டர்களை வடிவமைத்துச் செய்துதரும் நிறுவனங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. சென்னைப் பூங்காவின் கோஸ்டரும் ஒரு ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் வடிவமைப்பு. பட்டறைகள் சில, கேட்பவர்கள் பலர், எனவே வரிசை. நம் முறை வந்த பிறகு குழாய்களை வளைக்க வேண்டும், பற்றவைக்க வேண்டும், ஒவ்வொரு பற்றையும் சோதிக்க வேண்டும், கப்பலேற்ற வேண்டும். இதற்கிடையில் இங்கே மண் பரிசோதனை, அஸ்திவாரம். கான்கிரீட் தன் பலத்தைக் காட்டுவதற்கு 28 நாட்கள் என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. அமைச்சர் வந்து நின்றாலும் 28 நாள் 20 நாளாகாது. தூணின் தலையில் பதிக்கும் போல்ட்டு சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், கடல் தாண்டி வந்த தண்டவாளம் உட்காராது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் உண்மையான தாமதம் தொடங்குகிறது. ஆள் இல்லாமல் வண்டி ஓடும். பிறகு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளையோ மணல் மூட்டைகளையோ உட்கார வைத்து ஓட்டுவார்கள். காலைக் குளிரில், உச்சி வெயிலில், மழையில், பாதி பாரத்தில், முழு பாரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். நடுவழியில் மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். பிரேக்கு பிடிக்கிறதா, ஒரு வண்டி நிற்கும்போது பின்னால் வரும் வண்டி தானாக நிற்கிறதா என்று நூற்றுக்கணக்கான தடவை பார்த்த பிறகே வெளியாள் ஒருவர் வந்து சான்று தருவார். வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவனுக்கு, 'அதான் ஓடுகே, பொறவு ஏன் உள்ள விடல?' என்று தோன்றும். வேலிக்கு உள்ளே நடப்பது முட்டுக்கட்டை போடும் வேலை.

ஆனால் இது கதையில் பாதிதான். ஷாங்காய் டிஸ்னி பூங்காவில் 2016இல் திறக்கப்பட்ட டிரான் என்ற கோஸ்டரை ஃபுளோரிடாவிலும் கட்டப்போவதாக 2017இல் அறிவித்தார்கள். ஒருமுறை கட்டி ஓட்டிய அதே வடிவம். இருந்தும் 2023 ஏப்ரலில்தான் திறந்தார்கள். இடையில் பெருந்தொற்று வந்தது, பணம் நிறுத்தப்பட்டது. மாறாக, 1955 ஜூலை 17 அன்று திறந்த முதல் டிஸ்னிலேண்டு முழுவதையுமே ஏறத்தாழ ஒரே வருசத்தில் கட்டினார்கள். அன்றைக்குப் புதிதாகப் போட்ட தார் உருகிப் பெண்களின் செருப்புக் குதிகால் புதைந்தது. பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. சென்னைப் பூங்காவும் உள்ளாட்சிக் கேளிக்கை வரி விவகாரத்தில் பல ஆண்டுகள் இழுபட்டது.

ஆக, கட்டுமானத்துக்குள் இரண்டு காலங்கள் இருக்கின்றன. ஒன்று கையின் காலம்: கணக்கு, உருக்கு, கான்கிரீட், சோதனை. இதைச் சுருக்க முடியாது. சுருக்கினால் ஆள் சாவான். மற்றது கோப்பின் காலம்: பணம், வரி, அனுமதி, ஆட்சி. இதை நீட்டலாம், சுருக்கலாம், கட்டிவைத்து மறக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால், 'தாமதம்' என்று அழைப்பதில்தான் பொய் நுழைகிறது.

3

நாஞ்சில் நாட்டில் எங்களுக்குத் தெரிந்த ராட்டினம் தானாகவே வரும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு, நாகராஜா கோயில் தைத் திருவிழாவுக்கு, மண்டைக்காட்டுக் கொடைக்கு லாரியில் கழற்றிப் போட்ட இரும்பாக அது வந்து இறங்கும். இரண்டு நாளில் வானத்தைத் தொடும். நாங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் நிற்போம். கயிறும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஆரக்காலில் கால் மாற்றி ஏறிப்போய் நட்டு முறுக்குவார்கள். முடித்ததும் அந்தப் பையன்களே தொட்டிலில் ஏறி உட்கார்ந்து சுற்றிப் பார்ப்பார்கள். எங்களுக்குப் பொறாமையாக இருக்கும், காசு கொடுக்காமல் சுற்றுகிறானே என்று. அவன் சுற்றியது சோதனை ஓட்டம் என்பது எனக்குப் புரிய ரொம்ப வருசமாச்சு. தண்ணீர் பொம்மை உட்கார வேண்டிய இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

இது திருவிழா மைதானத்தோடு முடிந்த கதை அல்ல. 2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவில் புதிதாக நிறுவிய ராட்டினத்தைச் சோதித்துப் பார்த்தபோது அது முறிந்து விழுந்தது. ஏறியிருந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் கங்காரியா ஏரிக்கரையில் ஊசல் ராட்டினம் ஒன்று நடுவானில் உடைந்து இருவர் இறந்தார்கள். 2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பியில், பழுதுபார்த்த தொங்குபாலத்தைக் குஜராத்திப் புத்தாண்டு நாளில், உரிய சான்று இல்லாமலே திறந்துவிட்டார்கள். நான்காம் நாள், 30ஆம் தேதி, அது அறுந்து 130க்கும் மேற்பட்டவர்கள் ஆற்றில் மாண்டார்கள்.

இந்தச் சாவுகளைப் 'பராமரிப்புக் குறைவு', 'மனிதத் தவறு' என்ற சொல்லாடலுக்குள் மூடிவிடுவது வழக்கம். எனக்கு இவை காலத்தைத் திருடியதால் நேர்ந்த சாவுகளாகவே படுகின்றன. கையின் காலத்தில் சேர வேண்டிய நாட்களை யாரோ எடுத்துக்கொண்டார்கள். பண்டிகைக் கூட்டத்துக்காக, வசூலுக்காக, திறப்பு விழாத் தேதிக்காக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடனை உடம்பால் கட்டியவர்கள் வேறு ஆட்கள். ஆலைக் கடிகாரம் தொழிலாளியின் நாளை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று இ.பி.தாம்சன் 1967இல் எழுதினார். கேளிக்கையின் கடிகாரமும் அதே சுவரில்தான் மாட்டியிருக்கிறது. சீட்டு வாங்கி உள்ளே வருகிறவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

4

எங்கள் மாவட்டத்தில் ஸ்விட்சர்லாந்துக் கோஸ்டர் இல்லை. எங்களுக்கு வாய்த்த பெரும் காட்சிப்பொருட்கள் கடலுக்குள் நிற்கின்றன. அவற்றின் காலத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

விவேகானந்தர் பாறை முதலில். நூற்றாண்டையொட்டி நினைவிடம் என்ற யோசனை 1962இல் எழுந்ததும், அந்தப் பாறை யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. கரையிலிருந்த கத்தோலிக்க மீனவர்களுக்கு அது தொழில் செய்யும் கடலின் ஒரு பகுதி. சிலுவையும் கல்வெட்டுமாக அங்கே நடந்த இழுபறி இன்றும் இரு தரப்பிலும் இரு கதையாடல்களாகத்தான் இருக்கிறது. மாநில அரசு தயங்கியது. ஏக்நாத் ரானடே டில்லி சென்று 1963 டிசம்பரில் 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்தை வாங்கிவந்தார். 1964இல் வேலை தொடங்கியது. 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி.வி.கிரி திறந்துவைத்தார். கடல் நடுவே கல்கட்டடத்துக்கு ஆறு வருசம். அது கையின் காலம். கோப்பு ஓடிய வேகத்துக்குக் காரணம் தள்ளிய கைகள். 1982இல் மண்டைக்காட்டில் வெடித்ததை நினைத்துப் பார்க்கும்போது, அன்று ஓடாமல் விட்டுப்போன ஒன்றும் உண்டு என்று தோன்றுகிறது. கரையில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசுகிற காலம் அது. அதை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை.

அடுத்து வள்ளுவர் சிலை. 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். வேலை தொடங்கியது 1990இல். 1991இல் ஆட்சி கலைந்தது, வேலை நின்றது. 1996இல் ஆட்சி மாறிய பிறகே மீண்டும் உயிர் வந்தது. 2000 ஜனவரி 1 அன்று திறப்பு. அடிக்கல்லிலிருந்து திறப்புவரை இருபது வருசத்துக்கு மேல். 'சிலைன்னா சும்மாவா, அவ்வளவு நாளாகும்லா' என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் கணபதி ஸ்தபதியும் அவருடைய கல்தச்சர்களும் எடுத்துக்கொண்டது இந்த இருபதில் சில வருசங்கள்தான்.

அந்தச் சில வருசங்களில் அவர்கள் செய்ததைப் பார்க்க வேண்டும். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், மற்ற இரண்டு பாலுக்கும் சேர்த்து 95 அடிச் சிலை, ஆக 133. ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள். கரையில் செதுக்கிய கல்லைக் கடல் அனுமதித்த நாளில்தான் தோணியேற்றலாம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் கடல் யாருக்கும் அனுமதி தராது. சிலையின் இடுப்பில் ஒரு வளைவு உண்டு. அது நிற்குமா என்று பார்க்க முதலில் மரத்தில் மாதிரி செய்து பார்த்தார்கள். ரோலர் கோஸ்டருக்குத் தண்ணீர் பொம்மை எதுவோ அதுவே இங்கே அந்த மரச்சிலை. 1999இல் நான் கரையிலிருந்து பார்த்தபோது சிலை தெரியவில்லை. மரக்கம்புகளையும் கயிற்றையும் கொண்டு கட்டிய சாரம் மட்டும் தெரிந்தது. கடற்காற்றில் அதன்மேல் ஆட்கள் எறும்புபோல நகர்ந்தார்கள். நாளொன்றுக்கு 16 மணி நேரம் வேலை நடந்ததாகச் சொல்கிறார்கள்.

இந்த 16 மணி நேரத்தை நாம் பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் ஒரு கணக்கு உறுத்துகிறது. கோப்பு பதினொரு வருசம் தூங்கியது. நடுவில் இன்னும் சில வருசம் படுத்தது. புத்தாயிரத்தின் முதல் நாள் என்ற தேதி குறிக்கப்பட்டதும், தூங்கியவர்களின் நேரத்தையும் சேர்த்துக் கல்தச்சன் விழித்திருக்க வேண்டியதாயிற்று. கோப்பின் தாமதத்தைக் கையின் வேகத்தால் ஈடுகட்டுவது, இதுதான் இங்கே கட்டுமானத்தின் எழுதப்படாத விதி. மோர்பியில் அந்த விதி கொன்றது. குமரியில் ஸ்தபதியின் கல்விக்கும் தச்சர்களின் பிடிவாதத்துக்கும் முன்னால் அது தோற்றது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தச் சிலைமேல் மோதியது. சிலை நின்றது.

அதே அலை மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்துத் தூக்கி எறிந்தது. கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் குழிதோண்ட ஆள் இல்லாமல் மொத்தமாகப் புதைத்தோம். நிரந்தரப் பாலம் வரும்வரை மணக்குடிக்காரர்கள் பல வருசம் தற்காலிக இரும்புப் பாலத்தில்தான் போய்வந்தார்கள். அந்தத் தாமதத்துக்கு எந்தப் பத்திரிகையும் நாள்கணக்கு வைத்ததாக எனக்கு நினைவில்லை.

5

பாறைக்கும் சிலைக்கும் நடுவே இப்போது கண்ணாடிப் பாலம் இருக்கிறது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய். 2023இல் வேலை தொடங்கி, சிலையின் வெள்ளிவிழாவையொட்டி 2024 டிசம்பர் 30 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். உப்புக்காற்றும் அலையும் உள்ள இடத்தில் இரண்டு வருசத்துக்குள் முடிந்தது சாதாரணம் அல்ல. முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது. பாதிப்பேர் பாறையில் நின்று சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அந்தக் குறை தீர்ந்தது. தங்கை மகளோடு நானும் போனேன். கீழே அலை உடைவதைப் பார்த்து அவள் கத்திய கத்தல் நல்ல கத்தல். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மனிதருக்குக் கேளிக்கை வேண்டும். உழைக்கிறவர்களுக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். அன்றைக்குப் பாலத்தில் எங்களோடு நின்றவர்களில் பாதிப்பேர் வேன் பிடித்து வந்த கூலிக் குடும்பங்கள்.

சொல்ல வருவது வேறு. பாலத்தின் நடுவில் நின்று மேற்கே பார்த்தால் கரை நீண்டு கிடக்கும். அந்தக் கரையின் கடைசியில் தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம். அதன் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, அலை மறித்து, படகுகள் கவிழ்ந்து, கரைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல. அலைத்தடுப்புச் சுவரைச் சரியாக மாற்றிக்கட்டச் சொல்லி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது, கடலுக்குப் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது. தேடுவதற்கும் மறியல் செய்ய வேண்டும் என்ற நிலை.

இங்கே இரண்டு கட்டுமானங்களும் கடலுக்குள் நிற்பவைதான்; இரண்டுக்கும் வேண்டியது கல்லும் கான்கிரீட்டும் பொறியியல் அறிவும்தான். கண்ணாடிப் பாலத்தில் கோப்பின் காலம் சுருங்கியது. துறைமுகச் சுவரில் அது நீண்டுகொண்டே போனது. எனவே 'கடலில் கட்டுவது கஷ்டம்' என்ற பதிலை இனிமேல் யாரும் எங்களிடம் சொல்ல முடியாது. பாலத்தைக் கட்டியதன்மூலம் அரசே அந்தப் பதிலை ரத்து செய்துவிட்டது. காட்சியாக மாறக்கூடியது சீக்கிரம் முடியும், காட்சியாகாதது காத்திருக்கும். நவீன சமூகத்தில் உறவுகளே பிம்பங்களின் வழியாக நடக்கத் தொடங்கிவிட்டன என்று கி தெபோர் 1967இல் பாரிசில் இருந்துகொண்டு சொன்னதற்கு, குமரிக் கரையில் இப்படி ஓர் உரை எழுதலாம். துறைமுகச் சுவருக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

6

இந்தக் காத்திருப்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவனந்தபுரத்தையும் குமரியையும் நீர்வழியாக இணைக்க 1860இல் வெட்டத் தொடங்கிய கால்வாய்க்கு அனந்த பத்மநாபன், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்மா என மூன்று பெயர்களைச் சூட்டினார்கள். பெயர் முழுதாக இருக்கிறது, ஏ.வி.எம். கால்வாய் குமரிமுனை வரை வந்து சேரவேயில்லை. அதே திருவிதாங்கூர் அரசு பேச்சிப்பாறை அணையை 1897இல் தொடங்கி 1906இல் முடித்தது. தேரோடும் சுசீந்திரம் வீதியில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்கு 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. அதற்குக் கான்கிரீட்டு காய வேண்டியதில்லை. ஒரு கையெழுத்து போதும். பத்து வருசம் ஆனது. ஒரு காரியம் எவ்வளவு நாள் எடுக்கிறது என்பது அதன் கடினத்தை மட்டும் சொல்வதில்லை. அது யாருக்கு வேண்டியது என்பதையும் சொல்லிவிடுகிறது.

எனவே தங்கை மகளுக்கு நான் சொன்ன பதில் இரண்டு பகுதி. ராட்டினம் தாமதமானால் முதலில் கேள்: எந்தக் காலம் தாமதமாகிறது? கையின் காலம் என்றால் பொறுத்திரு. அந்தக் காலத்துக்காக வாதாடவும் செய். வேலி போட்டு, பொம்மையை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கிறவனை 'சோம்பேறி' என்று சொல்லாதே. அவன் உன் கழுத்துக்காக வேலை செய்கிறான். மனிதனுக்குப் பதில் பொம்மை உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் எட்டிப் பார். கோப்பின் காலம் என்றால் பொறுக்காதே. அங்கே தூங்கிய ஒவ்வொரு நாளும் கடைசியில் ஏதோ ஒரு சாரத்தின் உச்சியில் நிற்கிறவனின் தலையில்தான் இறங்கும்.

நம்மைப் போன்றவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அணு உலைக்கு எதிராகவும் மணல் ஆலைக்கு எதிராகவும் இனயம் துறைமுகத்துக்கு எதிராகவும் இந்தக் கரையில் நின்றவர்களை 'முட்டுக்கட்டைகள்' என்றார்கள். நாம் பதறிப்போய், 'இல்லை இல்லை, நாங்கள் வளர்ச்சிக்கு எதிரி அல்ல' என்று விளக்கம் கொடுத்தோம். கொடுத்திருக்க வேண்டாம். 'ஆமாம், கட்டை போடுகிறோம், தேர் போகும் வீதியில் பிள்ளைகள் நிற்கிறார்கள்' என்று சொல்லியிருக்கலாம்.

அவள் கேட்டுவிட்டு, "சரி மாமா, அந்தத் தேங்காப்பட்டணம் சுவரு என்ன காலம்?" என்றாள். பதிலை அவளே அறிவாள் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் அங்கே போகலாம் என்றிருக்கிறோம்.